அருளப்பனும் அடுத்த பக்கமும்

1

முதலில் நான் ஒரு முட்டாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நானே சொல்லிக்கொள்வதில் ஒரு லாபம் இருக்கிறது. இதையே ராயபுரத்தில் இருக்கும் என் அப்பா சொன்னால் கூடவே நாலு உதாரணமும் சொல்வார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. நான் குடியிருக்கும் இந்த நெதர்லாந்துத் துறைமுக ஊரில் ஒரு பாய்மரப் படகுப் பள்ளி இருக்கிறது. அதன் கோடை வகுப்புக்கு அன்று காலை இணையத்தில் பெயர்ப் பதிவு ஆரம்பம். அந்தப் பதிவுப் படிவத்தைச் செய்தவன் அடியேன். ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியது. மொத்தம் நாலு பக்கம். முதல் பக்கத்தில் பெயரும் வயதும் தொழிலும், இரண்டாவதில் முகவரி, மூன்றாவதில் எந்த வகுப்பு, நீச்சல் வருமா என்பது, நாலாவதில் ‘எல்லாம் சரிதானா?’ என்று ஒரு கேள்வி. இதுபோன்ற படிவங்களைச் செய்துதான் இத்தனை வருடமாகச் சோறு தின்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். இதைத் தூக்கத்திலேயே செய்துவிட்டேன் போலிருக்கிறது.

திறந்த கொஞ்ச நேரத்தில் முதல் தொலைபேசி வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். தன்னுடைய நாலாம் பக்கத்தில் தன் பெயர் லோட்டா என்றும், வயது ஏழு என்றும், நீச்சல் சரியாக வராது என்றும் போட்டிருப்பதாகச் சொன்னார். நிதானமான மனிதர். “மூன்றாவது மட்டும் உண்மை” என்றார். அடுத்துப் பேசியவர் லோட்டாவின் அம்மா. தன் மகள் எப்போது நீதிபதி ஆனாள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மூன்றாவதாக என் மகள் மெர்லினிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. அவளும் அதே படகுப் பள்ளியில் சேர அன்று படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அப்பா செய்த படிவமாயிற்றே என்ற நம்பிக்கை. படத்தில் என் படிவம் பெரிய எழுத்தில் சொல்லியது: ‘நல்வரவு, மெர்லின் ஃபான் டென் பெர்க்!’

அவள் பெயர் மெர்லின் ஜெயசீலன். ஜெயசீலன் என்பது நான். படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: “இன்னாப்பா, உன் ஃபாரம் எனக்குக் கண்ணாலம் பண்ணி வெச்சிடுச்சு?”

அடுத்த வரி: “ஆனா கேக்க நல்லாத்தான் கீது.”

முதல் வரிக்குச் சிரித்தேன். இரண்டாம் வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால், இன்னும் சில வாரங்களில் அவள் நகரமன்ற அலுவலகத்துக்குப் போய்த் தனக்கு நிரந்தரமான ஒரு குடும்பப் பெயரை எழுதிக் கொடுக்கப் போகிறாள். அது ‘அருளப்பன்’தான் என்று, அந்த அருளப்பனிடமே, அதாவது என் அப்பாவிடமே, நான் ஏற்கெனவே பீற்றிக்கொண்டாகிவிட்டது. மெர்லினிடம் மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை.

2

கணினித் தொழிலில் இல்லாதவர்களுக்காக இந்தக் கூத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

வலைப்பக்கத்துக்கு ஞாபகம் என்பது கிடையாது. முதல் பக்கத்தில் பெயர், வயது எல்லாம் சொல்லிவிட்டு ‘அடுத்து’ என்பதை அழுத்தினால், இரண்டாம் பக்கம் உங்களை ஏற இறங்கப் பார்த்து ‘யாருங்க நீங்க?’ என்று கேட்கும். ஆகவே முதல் பக்கத்தில் சொன்னதை யாராவது தூக்கிக்கொண்டுபோய் இரண்டாம் பக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு அங்கிருந்து மூன்றாம் பக்கத்துக்கு. என் பிழைப்பே இந்தத் தூக்குகிற வேலைதான். அப்பா சென்னைத் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலின் அடிவயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குவார். நான் பெயர்களைத் தூக்கி அடுத்த பக்கத்தில் இறக்குகிறேன். ஒரே வித்தியாசம், அவர் யாருடைய மூட்டையையும் வேறு யாருடைய தலையிலும் இறக்கியதில்லை.

இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்து, முன் பக்கத்தில் சொன்ன பெயரை அதில் ஒளித்து அனுப்புவது. இரண்டாம் பக்கம் அதை வாங்கி, மறுபடியும் ஒளித்து, மூன்றாம் பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாம் பக்கம் கொடுக்க மறந்தால் பெயர் அங்கேயே நின்றுவிடும். மூன்றாம் பக்கத்துக்கு முதல் பக்கம் யாரென்றே தெரியாமல் போய்விடும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கூட வேலை செய்யும் மரைக்கெ இந்தப் பழைய முறையில்தான் படிவத்தைச் செய்து வைத்திருந்தாள். (மரைக்கெ என்பது இந்த ஊர்ப் பெண் பெயர். அப்பாவிடம் சொன்னபோது, “மரைக்காயர் வூட்டுப் பொண்ணா? அப்போ பிரியாணிக்கு பிரச்சன இல்ல” என்றார்.) அவள் செய்தது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடும் எதையும் என்னால் சும்மா விட முடியாது. இது என்ன ஒளிந்து பிடித்து விளையாட்டு என்று அத்தனை மறைவுக் கட்டங்களையும் பிடுங்கிவிட்டு, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் பெயரைப் போட்டு வைத்தேன்.

அந்த இடம் எல்லாப் பக்கங்களுக்கும் பொது என்பது சரி. எல்லா மனிதர்களுக்கும் பொது என்பதை மறந்துவிட்டேன். டீக்கடையில் ஒரே ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு வருகிறவருக்கெல்லாம் அதிலேயே ஊற்றிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? நீதிபதி ஊதிக்கொண்டிருக்கும்போதே அதில் லோட்டாவுக்குப் பால் ஊற்றியாகிவிட்டது. சோதனை செய்தபோது நான் ஒருவனே குடித்துப் பார்த்தேன். ருசி பிரமாதமாக இருந்தது.

மரைக்கெ என் நிரலை மேலிருந்து கீழ்வரை படித்தாள். இந்த ஊர்க்காரர்கள் வார்த்தைக்குச் சர்க்கரை தடவ மாட்டார்கள்.

“ஜெய், இது படிவம் இல்லை. குலுக்கல்.”

பதிவை மூடினோம். அடுத்த வாரம் மறுபடி திறப்பதாக அறிவிப்பு வைத்தோம். மன்னிப்புக் கடிதத்தை நான்தான் எழுதினேன். என் டச்சு மொழியில் எழுதியதால் படித்தவர்களுக்குக் கோபம் போய்ப் பரிதாபம் வந்துவிட்டது.

3

மொழியைப் பற்றிச் சொல்லிவிட்டேன், படிவத்துக்கும் எனக்கும் உள்ள பூர்வஜென்மப் பகையையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் படிவம். எல்லாவற்றிலும் ‘ஃபோர்லெட்டர்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது நாலு எழுத்து. சரி, இந்த ஊரில் சிக்கனக்காரர்கள், பேரில் நாலு எழுத்து போதும்போல என்று நினைத்து என் பெயரின் முதல் நாலு எழுத்தை எண்ணி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மின்சாரக் கம்பெனிக்காரர் ஒருவர்தான் பொறுமையாகச் சொன்னார், அது இனிஷியலாம். அடடா, இனிஷியல்தானே, இதில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள் என்று, அன்றிலிருந்து அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட ஆரம்பித்தேன். இவர்கள் கேட்பது சொந்தப் பெயரின் முதல் எழுத்தாம். அப்பா பெயரின் எழுத்து இனிஷியல், அப்பா பெயரே குடும்பப் பெயர். விளைவு, எனக்கு வரும் கடிதமெல்லாம் ‘அ. அருளப்பன்’ என்ற பெயரில் வந்தது. ராயபுரத்தில் கேரம் ஆடிக்கொண்டிருக்கும் மனிதர் இங்கே ஒரு வருடம் மின்சாரக் கட்டணம் கட்டினார்.

‘அருளப்பன்’ என்று நான் எழுதுவது தமிழில். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு ‘பி’ வேண்டும். என் பாஸ்போர்ட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

நடந்தது இதுதான். வெளிநாட்டு வேலை கிடைத்த சந்தோஷத்தில், கல்மண்டபத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் நிரப்பினேன். கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெயர் பாபு. என்னைவிட மூத்தவர், எல்லாரையும் மாமு என்பார். பக்கம் பக்கமாக நிரப்பி மூன்றாவது பக்கத்துக்கு வந்த பிறகுதான் மேலே பார்த்தேன். அருளப்பனில் ஒரு ‘பி’யைக் காணோம்.

“பாபுண்ணா, முந்தின பக்கத்துக்குப் போய்த் திருத்தலாமா?”

பாபு பல்லுக் குத்துவதை நிறுத்தினார். “பேக் அடிக்கப் போறியா? அடி. அப்பால மொதல்லேர்ந்து குந்திகினு அடி. வெளியே பாரு, இன்னும் நாலு பேரு கீறானுங்க.”

அப்போதே நான் ஜாவா படித்தவன். பின்னால் போனால் சொன்னதெல்லாம் தொலைந்து போகும் படிவங்களை நானே என் கையால் செய்துகொண்டிருந்தவன். அந்தப் பயம் எனக்கு இருக்காதா? உண்மையிலேயே தொலைந்திருக்குமா என்பது இன்றுவரை தெரியாது. நான் அழுத்தவே இல்லை.

“ஒரு எழுத்துதானே மாமு, பிளேனு ஏத்தாம வுட்ருவானா?” என்றார் பாபு.

ஏற்றினார்கள். அப்பாதான் விடவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தவர் ஓர் இடத்தில் நின்றார். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். “நைனா, ஒரு எழுத்துதான்” என்றேன்.

“உன் பேருல ஒரு எழுத்த எடுத்திருந்தீன்னா ஒரு எழுத்துதான். இது என் பேருடா, சோமாறி.”

அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் ‘ஒத்தப் பி’. போன் எடுத்தால் ஹலோ கிடையாது. “இன்னாடா ஒத்தப் பி, துன்ட்டியா?” அவ்வளவுதான். அவர் தலைவராக இருக்கும் கேரம் கிளப்பின் வாசலில் ஒரு பலகை உண்டு. பெயிண்டரைக் கூப்பிட்டு அதில் தன் பெயரை ஆங்கிலத்தில் புதிதாக எழுதச் சொன்னார். இரண்டு ‘பி’யும் பக்கத்தில் பக்கத்தில், வயிறு முட்ட, சிவப்பு பார்டரோடு நிற்கும். வீடியோவில் பேசும்போதெல்லாம் அந்தப் பலகைக்குக் கீழேதான் நாற்காலி போட்டு உட்காருவார். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

4

எங்கள் வீட்டு அழைப்பு மணிக்குப் பக்கத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. நான் அருளப்பன், ஒரு ‘பி’ குறைவாக. என் மனைவி ஸ்டெல்லா, மரியதாஸ். அது அவளுடைய அப்பா, எண்ணூர்க்காரர். மகள் மெர்லின், ஜெயசீலன். பக்கத்து வீட்டுக் கிழவர் வெகுநாள் வரைக்கும் எங்களை வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் மூன்று பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். “நீங்கள் மூவரும் நன்றாக ஒத்துப்போகிறீர்கள்” என்று ஒருநாள் பாராட்டினார்.

ஸ்டெல்லாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதன்முதலில் இங்கே வந்து இறங்கியதும் துறைமுகத்துப் பக்கம் காரில் கூட்டிக்கொண்டு போனேன். எண்ணெய்க் குழாய்கள், புகைபோக்கிகள், உச்சியில் எரியும் தீ, கிரேன்கள். பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். “இதுக்கா இத்தினி தூரம் கூட்டியாந்த? எங்க வூட்டு மாடியில ஏறி நின்னா வள்ளூர் வரைக்கும் இதான கீது” என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் எதையும் பெருமையாகக் காட்டுவதில்லை.

நானும் அவளும் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே காலம் தள்ளுகிறோம். மெர்லினுக்குப் பதினெட்டு முடிந்தது. அவள் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாள். எங்களைப்போலக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத இடத்திலிருந்து வந்தவர்களிடம், இந்தச் சமயத்தில் ஒரு பெயரை நிலையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அது பிறகு பிள்ளை, பேரப்பிள்ளை என்று போய்க்கொண்டே இருக்கும்.

அந்தக் கடிதம் வந்த அன்றுதான் எனக்கு அது உறைத்தது. நம்முடைய இனிஷியல் என்பது அந்தப் பழைய மறைவுக் கட்டம்தான். அப்பா பெயர் பிள்ளைக்கு ஓர் எழுத்தாகப் போகும். பிள்ளை அதை அடுத்த பக்கத்துக்குக் கொடுக்க மாட்டான், தன் பெயரின் எழுத்தைக் கொடுப்பான். மூன்றாம் பக்கத்தில் முதல் பக்கம் இருக்காது. மெர்லினின் எந்தக் காகிதத்திலும் அருளப்பன் இல்லை. இரண்டாம் பக்கமான நான்தான் வழியில் நின்றுகொண்டு என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

இதை அப்பாவிடம் உருக்கமாகச் சொன்னேன். அவருக்கு உருகவில்லை.

“என் அப்பன் பேரு இன்னா?”

“எசேக்கியேல்.”

“அவரு அப்பன் பேரு?”

“தெரியாது.”

“எனுக்கும் தெரியாது. நல்லாத்தான கீறோம்? போய் வேலயப் பாரு.”

அங்கேயே போனை வைத்திருக்கலாம். வைத்தேனா? “இல்ல நைனா, மெர்லின் உன் பேரத்தான் வெச்சிக்கப் போறா. குடும்பப் பேரே அருளப்பன்தான்” என்று வாய் தானாகச் சொல்லியது.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, “அப்டியா” என்றார். “சரி வை.”

மறுநாள் அம்மா கூப்பிட்டாள். “இன்னாடா சொன்ன உங்கப்பாகிட்ட? கிளப்புல அல்லாருக்கும் டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கிக் குடுத்துட்டு வந்து குந்திகினுகீறாரு. அவரு காசுல! எனுக்கு வெவரம் தெரிஞ்சி இதான் மொத தபா.”

5

மெர்லின் தமிழ் பேசுவாள். அதுவும் எப்படி? சின்ன வயதிலிருந்து தாத்தாவிடம் வீடியோவில் கற்றுக்கொண்ட தமிழ். இங்கே சனிக்கிழமை தமிழ் வகுப்பில் ஆசிரியை, “வீடு எப்படி இருக்கிறது, சொல் பார்க்கலாம்” என்றபோது, “வூடு கலீஜா கீது மிஸ்” என்றவள். வகுப்பிலிருந்து அவளைத் தாத்தாவின் காரணமாகவே நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு வருடமாக அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் “நல்லா கீறியா தாத்தா, ஓகே பை.” மீதி நேரமெல்லாம் அவள் கதவுக்குப் பின்னால் டச்சு மொழிதான் கேட்கும்.

சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை மெதுவாக எடுத்தேன். மெதுவாக எடுப்பதாக நான் நினைத்தேன். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தாத்தாகிட்ட சொல்லிட்ட. கிளப்புல சொல்லியாச்சு. டீ குடிச்சாச்சு. என்கிட்ட எப்ப கேக்கறதா இருந்த?”

“இப்பதான் கேக்கறேன்ல.”

“உன் பேரு எங்கிட்ட கீதே. அது பத்தாதா?”

அவள் பள்ளிச் சான்றிதழ்களில் ‘ஜெயசீலன்’ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னக் குஷி இருந்தது உண்மை. அவள் அருளப்பன் ஆனால் ஜெயசீலன் காலி. அதற்கு நான் தயார் என்றுதான் சொன்னேன். தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.

“அருளப்பன்னு இங்க யாராலயும் சொல்ல முடியாது. ஃபான் டென் பெர்க்னா எல்லாராலயும் சொல்ல முடியும்” என்றாள் மெர்லின்.

“அதுக்கு மலையிலிருந்து வந்தவன்னு அர்த்தம். இந்த நாட்டுல மலை எங்க கீது?”

“அப்போ ஃபான் ராயபுரம்னு வெச்சிக்கிறேன். மெர்லின் ஃபான் ராயபுரம். எப்டி கீது?”

நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. அப்பாவிடம் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் டீ குடித்த கிளப்புக்கு யார் பதில் சொல்வது?

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், “என் பேர நான் எழுதிக்கிறேன்பா. நீ உன் ஃபாரத்த சரி பண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

6

ஃபாரத்தைச் சரி பண்ணினேன். மரைக்கெ பக்கத்தில் உட்கார்ந்து, நான் எதையும் முன்னேற்றிவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

இந்தத் தடவை செஷன் என்கிற முறை. சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் போல. வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அவர் சொன்னதெல்லாம் அந்த எண்ணின் கீழ்த் தனியாக இருக்கும். எத்தனை பக்கம் போனாலும் டோக்கனைக் காட்டினால் போதும், முதல் பக்கத்தில் சொன்னது நாலாம் பக்கத்தில் நேராகக் கிடைக்கும். நடுவில் இருக்கும் பக்கங்கள் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, ரொம்ப நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் டோக்கன் செல்லாது.

‘ரொம்ப நேரம்’ என்பதை எவ்வளவு என்று வைப்பது? இதைச் சோதிக்க உலகத்திலேயே மெதுவாகத் தட்டச்சு செய்யும் மனிதர் தேவைப்பட்டார். படிவத்தின் இணையச் சுட்டியை ராயபுரத்துக்கு அனுப்பினேன். உன் பெயரையும் வயதையும் போட்டு நாலு பக்கமும் போய்ப் பார், நைனா என்றேன்.

வெகுநேரம் கழித்து அழைத்தார்.

“டேய் ஒத்தப் பி. யார்ரா அவன் வெர்லோப்பன்?”

“எந்த வெர்லோப்பன்?”

“நான் கஷ்டப்பட்டு ஒவ்வொரு எழுத்தா தேடி அருளப்பன்னு அடிக்கிறேன். டீ குடிச்சிட்டு வந்து அமுக்கினா வேற எவனோ வெர்லோப்பன்னு வரான். நம்ம ஆளா அவன்? எந்தக் கோயில் பங்கு?”

‘செஸ்ஸி வெர்லோப்பன்’ என்றால் டச்சு மொழியில் செஷன் காலாவதியாகிவிட்டது என்று பொருள். விளக்கினேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. “மொதல்ல ஒரு எழுத்த எட்த்த. இப்ப மொத்தப் பேரையும் மாத்திக்கினுகீற. நீ இன்னாதான் நெனச்சிகினுகீற மனசுல?” பின்னணியில் கிளப் முழுவதும் “வெர்லோப்பன்! வெர்லோப்பன்!” என்று கத்துவது கேட்டது. இப்போது அங்கே தோற்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர்தானாம்.

காத்திருக்கும் நேரத்தை இரண்டு மடங்காக்கினேன். படிவம் மறுபடி திறந்தது. நீதிபதி நீதிபதியாகவே சேர்ந்தார். மெர்லின் ஜெயசீலன், மெர்லின் ஜெயசீலனாகவே சேர்ந்தாள். தாத்தாவிடம் அவள் இதைச் சொன்னபோது, “காசு குட்த்து படகு ஓட்றியா? காசிமேட்டுக்கு வா, அவனுங்க காசு குடுப்பானுங்க” என்றார். பெயரைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு ரொம்ப பேஜாராக இருந்தது.

முதல் வகுப்புக்குப் போய்விட்டு மெர்லின் நனைந்த உடுப்போடு சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த அசல் ஃபான் டென் பெர்க்கைப் பார்த்துவிட்டாளாம். யானா என்று ஒரு பெண், இவள் வயதுதான். அந்தக் காலையில் அவளுடைய படிவத்தில் ‘யானா ஜெயசீலன்’ என்று வந்திருந்ததாம். இருவரும் பெயரைத் திருப்பிக் கொடுத்துக் கைகுலுக்கிக்கொண்டார்களாம்.

“அந்த வகுப்புல மட்டும் மூணு ஃபான் டென் பெர்க்பா. சொந்தக்காரங்க கூட இல்ல. சார் நம்பர் போட்டுக் கூப்புட்றாரு. யானா ரெண்டாம் நம்பர். போன வருஷம் இவ படகைக் கவுத்ததுக்கு மூணாம் நம்பருக்குத் திட்டு வுழுந்துச்சாம்.”

நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். நான் வாயைத் திறக்காததை ஸ்டெல்லா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

7

ஜாவாவில் ஒருவரை அடுத்த பக்கத்துக்கு அனுப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று, உள்ளேயே கைமாற்றிவிடுவது. நீங்கள் சொன்னதெல்லாம் உங்களோடு சேர்ந்து போகும். இன்னொன்று, ‘இங்கே இல்லை, அங்கே போய்க் கேளுங்கள்’ என்று வெளியே அனுப்பிவிடுவது. வெறுங்கையோடு போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். உலகத்து அலுவலகங்கள் எல்லாம் இரண்டாவது வழியைத்தான் கற்று வைத்திருக்கின்றன. நகரமன்ற அலுவலகத்தில் மெர்லினை மூன்று கவுண்டருக்கு அனுப்பினார்கள். மூன்றிலும் அவள் பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்தாள்.

அவள் கையில் என் ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தது. தாத்தா பெயருக்குச் சான்று ஏதாவது வேண்டுமென்றால் இருக்கட்டும் என்று காலையில் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எந்தப் பெயரை எழுதப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவாளோ என்று பயம். கல்மண்டபத்தில் பேக் பொத்தானைப் பார்த்துப் பயந்த அதே பயம்.

கடைசிக் கவுண்டரில் நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி என்ன பெயர் என்று கேட்டாள். மெர்லின் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். டச்சு மொழியில் எழுத்துகளின் உச்சரிப்பு வேறு. என்றாலும் ‘பே’ என்று அவள் சொன்னது கேட்டது. உடனே இன்னொரு ‘பே’.

அதிகாரி சான்றிதழைப் பார்த்தாள், என் பாஸ்போர்ட் நகலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “உங்கள் அப்பாவுடையதில் ஒரு பே குறைவாக இருக்கிறதே?”

“அது தட்டச்சுப் பிழை. படிவம் என்றால் அவருக்கு அப்படித்தான்” என்றாள் மெர்லின்.

“என்ன வேலை செய்கிறார்?”

“படிவம் செய்கிறார்.”

அதிகாரி சிரித்ததில் பக்கத்துக் கவுண்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

வெளியே வந்ததும், “ஏம்மா, என் மாதிரியே ஒரு பி போட்டிருந்தா நாம ரெண்டு பேராவது ஒரே பேரா இருந்திருக்கும்ல?” என்றேன்.

“பேரு தாத்தாவோடது. போர்டுல ரெண்டு கீது. நீதான்பா நடுவுல தொலச்சிட்ட.” சைக்கிள் பூட்டைத் திறந்தாள். “யானாவால சொல்ல முடியுது. பத்து தபா சொல்ல வெச்சேன். அருளாபான்னு வருது. பரவால்ல.”

அவள் படகுப் பள்ளிக்குப் போய்விட்டாள். நான் நகரமன்றத்துப் படியிலேயே உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே யோசித்து வைத்திருந்தேன். பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பின்னால் கேரம் காய்கள் சிதறும் சத்தம்.

“நைனா, முடிஞ்சிது. மெர்லின் உன் பேரையே வெச்சிகினா. நான் ஒண்ணும் சொல்லல, அவளேதான். இனிமே அவ புள்ளைங்க, அதுங்களோட புள்ளைங்க, இந்த ஊருல எத்தினி பேரு பொறந்தாலும் அல்லாரும் அருளப்பன்தான். படகு ஓட்டுவாங்க, ஆபீசு போவாங்க, எல்லாக் கதவுலயும் உன் பேருதான் இருக்கும்...” குரல் எனக்கு லேசாக உடைந்தது. அவருக்கும் உடையட்டும் என்று நிறுத்திக் காத்திருந்தேன்.

கேரம் சத்தம் நின்றது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

“எத்தினி ‘பி’?”